வீட்டில் கட்டிய விமானமும் நாட்டின் எல்லையும்

தனி ஒருவரோ சிறு குழுவினரோ பயிற்சிக்காகவும் பொழுதுபோக்கிற்காகவும் தம் சொந்த உழைப்பில் உருவாக்கும் சிறு விமானம், வீட்டில் கட்டிய விமானம் எனப்படுகிறது. சிலர் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழுவதையும் தாமே செய்கின்றனர். சிலர் நிறுவனங்கள் விற்கும் பாகத் தொகுப்பை வாங்கிப் பொருத்துகின்றனர். வெளிநாட்டில் வாழும்போது இத்தகைய விமானத்தைக் கட்டிவிட்டு, பின்னர் வேறொரு நாட்டில் குடியேறுவோர் ஒரு சிக்கலைச் சந்திக்கின்றனர். இறக்கைகளைக் கழற்றி விமானத்தைக் கப்பலில் ஏற்றிவிடலாம். ஆனால் அது பறப்பதற்கான அனுமதி அதனுடன் வந்து சேர்வதில்லை. இந்த நிலை உருவானதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

சட்டம் வருவதற்கு முன்: சென்னை, 1910

தமிழ்நாட்டில் இவ்வரலாறு ஓர் அயல்நாட்டவரிடமிருந்து தொடங்குகிறது. கோர்சிகாவைச் சேர்ந்த ஜாக்கமோ டி ஏஞ்சலிஸ் சென்னை மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்தியவர். 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி உலகெங்கும் பலருக்கு விமான ஆசையை ஊட்டியது. டி ஏஞ்சலிசும் அவர்களில் ஒருவர். அவர் வடிவமைத்த இரட்டை இறக்கை விமானத்தை, குதிரை வண்டிகள் செய்வதில் பெயர் பெற்றிருந்த சிம்சன் நிறுவனம் கட்டிக் கொடுத்தது. 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆசியாவின் முதல் விமானப் பறப்புகளுள் ஒன்றாக இதைச் சென்னை வரலாற்றாளர்கள் சிலர் கருதுகின்றனர்.

அவர் பதிவு எண்ணோ தகுதிச் சான்றோ பெற வேண்டியிருக்கவில்லை. அவற்றைக் கேட்கும் சட்டமே அன்று இந்தியாவில் இல்லை. மறு ஆண்டு, 1911இல், இந்திய வான்கலச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் வந்த 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டம், விமானத்தின் உற்பத்தி, உடைமை, பயன்பாடு, விற்பனை, இறக்குமதி, ஏற்றுமதி அனைத்தையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

எல்லை கடந்த வரைபடங்கள்

அந்நாளில் விமானத்தைவிட அதன் வரைபடமே எளிதாக நாடு கடந்தது. பிரேசில் நாட்டவரான சாண்டோஸ் டுமோன், பாரிசில் வாழ்ந்தபோது ‘டெமுவாசெல்’ என்னும் மிகச் சிறிய விமானத்தை உருவாக்கினார். காப்புரிமை கோராமல் அதன் வடிவமைப்பை யாரும் பயன்படுத்த விட்டுவிட்டார். 1910இல் அமெரிக்க இதழான ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ அதன் வரைபடங்களை வெளியிட்டது.

ஆஸ்திரேலியாவின் ஜான் டூகன் இன்னொரு வகைச் சான்று. அவர் தம் தம்பியின் துணையுடன் விக்டோரியா மாநிலத்தில் குடும்பப் பண்ணையில் கட்டிய விமானம் 1910 ஜூலையில் தரையை விட்டு எழுந்தது. அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்து சென்று, ஏ. வி. ரோ நிறுவனத்தில் ஒரு விமானம் செய்யச் சொல்லி, அதில் பறந்து பழகி உரிமம் பெற்றார். நாடு திரும்பிய பின் மீண்டும் ஒரு விமானம் கட்டினார். ஒவ்வொரு முறை கடல் கடந்தபோதும் அவருடன் தவறாமல் வந்தது அவர் கற்ற தொழில்தான்.

விபத்துகள் எழுதிய விதிகள்

1930களில் நிலைமை மாறியது. பிரான்சின் ஆன்ரி மின்யே, சாதாரண மனிதரும் கட்டக்கூடிய ஒரு சிறு விமானத்தை வடிவமைத்தார். ‘வானத்துப் பேன்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அதைக் கட்டும் முறையை விளக்கி அவர் எழுதிய நூல் பல நாடுகளில் பரவியது. நூலைப் படித்தவர்கள் கொட்டகைகளில் வேலையைத் தொடங்கினர். பின்னர் உயிர்ப்பலி வாங்கிய விபத்துகள் நேர்ந்தன. காற்றுச் சுரங்கச் சோதனைகளில் காரணம் தெரிந்தது: விமானம் மூக்கைத் தாழ்த்திக் கீழிறங்கும்போது, முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒன்றன் காற்றோட்டத்தை மற்றொன்று பாதித்தன, விமானியால் மூக்கை மீண்டும் நிமிர்த்த முடியவில்லை. பிரான்சும் பிரிட்டனும் அதன் பறப்புக்குத் தடை விதித்தன. கட்டியவரின் நம்பிக்கை மட்டும் போதாது, வேறொருவர் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

சிகாகோ உடன்படிக்கை

1944 டிசம்பர் 7 அன்று கையொப்பமான சிகாகோ உடன்படிக்கையே இன்றைய பன்னாட்டு விமான விதிகளுக்கு அடித்தளம். பதிவு செய்யப்பட்ட நாடே விமானத்தின் ‘குடியுரிமை’ என்று அது வரையறுத்தது. ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரு நாடுகளில் பதிவாகி இருக்க முடியாது. பதிவை ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். குறைந்தபட்சத் தர அளவுகளை நிறைவு செய்யும் தகுதிச் சான்றைப் பிற நாடுகள் ஏற்க வேண்டும். அந்த அளவுகளை எட்டாத விமானம், செல்லும் நாட்டின் அனுமதி இல்லாமல் அங்கே பறக்கக் கூடாது.

வீட்டில் கட்டியவை பெரும்பாலும் இக்கடைசி வகையில் அடங்கும். அமெரிக்காவில் ‘சோதனை வகை’ச் சான்றும், பிரிட்டனில் ‘பறப்பு அனுமதி’யும் பெறும் இவை, அந்தந்த நாட்டின் உள்ளூர் ஏற்பாடுகள். ஐரோப்பிய நாடுகள் ஒன்றன் விமானத்தை மற்றொன்று விருந்தாளியாக ஏற்க, ஐரோப்பிய சிவில் விமானப் போக்குவரத்து மாநாடு 1980இல் பரிந்துரைத்தது. விருந்துக்கு வரும் வழி எளிதானது. குடியேறும் வழி அப்படி இல்லை. குடியேறும்போது பழைய பதிவை நீக்கி, புதிய நாட்டின் சோதனையைத் தொடக்கத்திலிருந்து சந்திக்க வேண்டியிருக்கும்.

மூடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

அமெரிக்க விதிப்படி, விமானத்தின் பெரும்பகுதியைத் தனிமனிதர்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ கட்டியிருக்க வேண்டும். இதையே ‘51 சதவீத விதி’ என்பர். பிரிட்டனில் கட்டுமானத்தின் பல கட்டங்களில் ஆய்வாளர் நேரில் வந்து பார்க்கிறார். இறக்கையின் உட்புறம் தகடு அடித்து மூடப்பட்ட பின் கண்ணுக்குத் தெரியாது என்பதே காரணம். ஆகவே நாள்வாரிக் கட்டுமானப் பதிவேடு, ஒளிப்படங்கள், பாகங்கள் வாங்கிய ரசீதுகள், ஆய்வாளரின் கையொப்பங்கள் ஆகியவை விமானத்தின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கவை. புதிய நாட்டின் அதிகாரிக்கு மூடிய இறக்கையைத் திறந்து காட்டக்கூடியவை இவை மட்டுமே.

இதே பாடத்தை உப்பும் கற்பிக்கிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, உப்பளங்களும் கழிவெளி ஏரியும் சூழ்ந்த மரக்காணம் கடற்கரையை எடுத்துக்கொள்ளலாம். கடற்காற்று சுமந்து வரும் உப்பு, ஈரப்பதத்துடன் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அரிப்பு இன்னும் விரைவாகும். உட்புறத் தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு அடிப்பதைச் சிலர் எடை, செலவு கருதித் தவிர்ப்பதுண்டு. வறண்ட நாட்டில் அது பெரிய குறையாகத் தெரியாது. அதே விமானம் இத்தகைய கரைக்கு வந்தால், மூடிய இறக்கைக்குள் பூச்சு அடிக்க வழி இருக்காது.

இன்றைய இந்தியா

கேரளத்தைச் சேர்ந்த அசோக் தாமராக்ஷன், தென்னாப்பிரிக்க நிறுவனமான ஸ்லிங்கின் பாகத் தொகுப்பை வாங்கி, பிரிட்டனில் நான்கு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். 2022இல் அது பறந்தது. அதில் அவர் ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்று வந்தார்.

அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பயிற்சி பெற்ற அமோல் யாதவ், மும்பை காந்திவலியில் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வந்தது. 2017இல் பதிவு கிடைத்தது. பறப்பு அனுமதி கிடைக்க 2019 ஆனது. மாடியில் நடந்த வேலைக்கு நிகரான பொறுமை அலுவலகப் படிகளிலும் தேவைப்பட்டது.

1934ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் நடைமுறைக்கு வந்துள்ளது. வெளிநாட்டில் விமானம் கட்டி இந்தியா திரும்ப எண்ணுபவர், முதல் தகட்டை வெட்டுவதற்கு முன்பே இங்குள்ள விதிகளைக் கேட்டறிவது நல்லது. டி ஏஞ்சலிஸ் காலத்தில் விமானத்தைக் கட்டுவதே பெரிய தடையாக இருந்தது. இன்று அதற்கு வரைபடமும் பாகங்களும் கிடைக்கின்றன. கட்டியவரின் நேர்மையையும் திறனையும் அறியாத ஓர் அதிகாரிக்கு, அவற்றைக் காகிதத்தில் காட்டுவதே இப்போது கடினமான பகுதி.