பைபர் கண்ட கிருமி

இன்புளுவென்சாச் சுரத்தின் கிருமி பிடிபட்டது என 1892ஆம் ஆண்டில் பேர்லின் நகரிலிருந்து ஒரு செய்தி வெளிவந்தது. அறிவித்தவர் றிச்சாட் பைபர். 1889இல் தொடங்கி ஐரோப்பாவை அலைக்கழித்த அச்சுரத்தில் வீழ்ந்தோரின் சளியில், மிகச் சிறிய கோலுருக் கிருமியொன்றை அவர் நுணுக்குக்காட்டியிற் கண்டார். அவருடைய ஆசிரியரோ காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த றொபேட் கொக். அத்தகைய மரபில் வந்தவர் சொல்லை மறுக்கத் துணிந்தோர் சிலரே.

1918இல் பல கோடி உயிர்களைக் கொள்ளைகொண்ட பெருநோய் வந்தது. மருத்துவர் யாவரும் பைபரின் கிருமியைத் தேடினர். சிலர் கண்டனர், பலர் காணவில்லை. அது குருதி கலந்த ஊட்டத்திலன்றி வளராத கிருமி. ஆதலால், காணாதவர்கள் தம் கைத்திறனையே ஐயுற்றனரன்றிக் கொள்கையை ஐயுற்றாரல்லர். நியூயோர்க்கில் ஒசுவால்ட் ஏவரி அதனை வளர்ப்பதற்கெனப் புதிய ஊட்டமொன்றையும் வகுத்தார். அக்கிருமியைக் கொண்டு தடுப்பு மருந்துகள் செய்யப்பட்டு, அஞ்சி நின்ற மக்களுக்கு ஏற்றப்பட்டன. நோயற்றோர் தொண்டையிலும் அதே கிருமி குடியிருந்தமை அன்றே சிலர் கண்ணிற் பட்டது. அவ்வுண்மை உரிய மதிப்பைப் பெறவில்லை.

(பெனிசிலினைப் பற்றி அலெக்சாந்தர் பிளெமிங் 1929இல் எழுதிய முதற் கட்டுரையும், பிற கிருமிகளை அடக்கிப் பைபரின் கிருமியைப் பிரித்தெடுக்க அது உதவும் என்றே விதந்து கூறிற்று.)

1933இல் இலண்டனில் சிமித், அண்டுரூசு, லெயிட்லோ என்னும் மூவர், நோயாளரின் தொண்டை கழுவிய நீரைப் பற்றீரியா புகாத வடியில் வடித்து, கீரியை ஒத்த பெரற் என்னும் விலங்கின் மூக்கில் இட்டனர். விலங்குகள் நோயுற்றன. குற்றவாளி வைரசே எனத் துணியப்பட்டது.

ஆயின் பைபரின் கிருமி முற்றாகக் குற்றமற்றதா? இரண்டாண்டு முன்னரே அமெரிக்காவில் றிச்சாட் சோப் பன்றிகளில் ஓர் உண்மை கண்டிருந்தார். வைரசு தனித்துப் புகுந்தால் நோய் மெலிது. பைபரின் கிருமியை ஒத்த பற்றீரியாவும் உடன் சேர்ந்தால் நோய் கொடிது. மனிதருக்கும் இதனை ஒத்த நிலையுண்டு. மூச்சுக்குழாயின் உட்போர்வையில் நுண்மயிர்கள் இடையறாது அசைந்து அழுக்கை மேலே தள்ளுகின்றன. வைரசு அப்போர்வையைச் சிதைத்தால், மூக்கிலும் தொண்டையிலும் வாளாவிருந்த பற்றீரியாக்கள் நுரையீரலினுள் இறங்குகின்றன.

1918இல் இறந்த 58 பேரின் பேணிவைக்கப்பட்ட நுரையீரற் கூறுகளை அமெரிக்க ஆய்வாளர் மீளச் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ அனைத்திலும் பற்றீரியா நியூமோனியாவின் சுவடு இருந்தது. வாசலை உடைத்தது வைரசு. உயிரைக் கொண்டுபோனவை பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தவை.

பைபரின் கிருமிக்கு ஈமோபிலசு இன்புளுவென்சே என்று இடப்பட்ட பெயர் இன்றும் மாற்றப்படவில்லை.