எருமைகள் வெளியேறிய பிறகு

பரத்பூரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பறவைகளையே எழுதுகின்றனர். அங்குள்ள ஒரு புல்லைப் பற்றியும் எருமைகளைப் பற்றியும் எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

ராஜஸ்தானின் கேவலாதேவ் கனா தேசியப் பூங்கா ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. கேவலாதேவ் என்பது அங்குள்ள சிவன் கோயிலின் பெயர். 'கனா' என்றால் அடர்ந்தது. (நம் 'கனம்' என்பதும் அதே வடசொல்லின் வழிவந்ததே. மொழியியல் படித்தவளின் பழக்கம், பொறுத்தருள்க.) பெயர் அடர்காட்டை நினைவூட்டினாலும், அது மனிதர் கைபடாத நிலமன்று. 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அஜான் அணையின் நீரால் நிரம்பும் தாழ்நிலம். பின்னாளில் பரத்பூர் மன்னர்களின் வாத்து வேட்டைக்களம். 1938 நவம்பர் 12 அன்று, வைஸ்ராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன என்று அங்குள்ள கல்வெட்டே கணக்குச் சொல்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் எருமைகளோ நெடுங்காலமாக அந்நீரில் இறங்கி மேய்ந்துவந்தன.

தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதையடுத்து, 1982 நவம்பரில் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தார்மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது, உயிர்கள் பலியாயின.

இடையூறுகளை நீக்கிவிட்டால் தாவரக் கூட்டம் படிப்படியாக மாறித் தன் முதிர்நிலையை எய்திவிடும் என்பது அமெரிக்கத் தாவரவியலாளர் கிளெமென்ட்ஸ் 1916-இல் விரித்துரைத்த கோட்பாடு. மேய்ச்சலை வெறும் இடையூறாகக் கண்ட பார்வையில் அதன் நிழல் படிந்திருப்பதாகவே நான் கருதுகிறேன்.

நிகழ்ந்தது வேறு. ஆழமற்ற நீரில் பாஸ்பாலம் என்னும் புல் பெருகியது. அது விதையை மட்டும் நம்பி வாழ்வதன்று. கணுவுக்குக் கணு வேரூன்றித் தண்டுகளால் படர்வது. ஒரு செடி எங்கே முடிகிறது, மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம். விதையிலிருந்து பிறந்த ஓர் உயிரை வேறாகவும், அது ஈன்ற தண்டுகளை வேறாகவும் எண்ண வேண்டும் என்று ஜான் ஹார்ப்பர் 1977-இல் தம் நூலில் வற்புறுத்தியதன் பொருள் இங்கே விளங்கும். எருமைகள் நாள்தோறும் குறைத்துவந்தவை இந்தத் தண்டுகளையே. அவை வெளியேறியதும் புல் மெத்தைபோல் நீரை மூடியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. மீன்களும் நீர்ப்பறவைகளும் இடமிழந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்தாண்டு ஆய்வு இதைப் பதிவுசெய்து, மேய்ச்சல் அந்நிலத்திற்குத் தேவை என்ற முடிவுக்கு வந்தது. எருமைகள் கூலியின்றிச் செய்துவந்த வேலைக்குப் பின்னர் புல்டோசர்களும் தீயும் பயன்படுத்தப்பட்டன.

மேட்டுப்பகுதிகளை வேறொரு தாவரம் பிடித்தது: நாம் நன்கறிந்த சீமைக்கருவேலம். அதை வேரோடு அகழ்ந்து விறகாக எடுத்துச் செல்லலாமென்று பிற்காலத்தில் அதே கிராமத்தாரை நிர்வாகம் உள்ளே அழைத்தது. அவர்களும் கோடரியுடன் வந்தார்கள். எருமைகளுக்கு மட்டும் அனுமதியில்லை.