தொலைவிலிருந்து பறப்போர்: ஆளில்லா விமானிகளின் பயிற்சியும் பணிப்பாதையும்

2022 அக்டோபர் 8 அன்று சண்டிகரில் நடந்த விமானப்படை நாள் விழாவில், அன்றைய தலைமைத் தளபதி வி. ஆர். சௌதாரி புதிய கிளை ஒன்றை அறிவித்தார். ஏவுகணைகளை இயக்குவோர், ஆளில்லா விமானங்களைத் தரையிலிருந்து செலுத்துவோர், ஒன்றுக்கு மேற்பட்டோர் பறக்கும் விமானங்களில் ஆயுதங்களைக் கையாள்வோர் ஆகிய அனைவரும் இனி ஆயுத அமைப்புகள் கிளை என்ற ஒரே கிளையில் இருப்பார்கள். விடுதலைக்குப் பிறகு இந்திய விமானப்படையில் புதிய போர்ப்பணிக் கிளை உருவானது அதுவே முதல்முறை. பறக்கும் பயிற்சிக்கான செலவு குறைவதால் 3,400 கோடி ரூபாய்க்கு மேல் மிச்சமாகும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. 2024 ஜூலையில் ஹைதராபாதின் பேகம்பேட்டையில் இக்கிளைக்கெனத் தனிப் பள்ளி திறக்கப்பட்டது. அதன் பாடப்பிரிவுகளுள் ஒன்று ஆளில்லா விமானங்களை இயக்குவோருக்கானது.

இப்பொருள் குறித்த பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: டிரோனைச் செலுத்துபவர் முதலில் உண்மையான விமானத்தில் பறந்திருக்க வேண்டுமா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைவிட அடிப்படையான மூன்று கேள்விகள் அதன் நிழலில் மறைந்துபோகின்றன. இவர்களுக்குக் கற்றுத்தரப்போவது யார்? கற்றவர்கள் எத்தனை ஆண்டு அப்பணியில் நிலைப்பார்கள்? அப்பணியிலேயே இருந்து எந்தப் பதவி வரை உயர முடியும்? இவற்றுக்கு விடை காணாமல் தொடங்கப்படும் ஆளில்லா விமானப் பிரிவு தன் ஆட்களையே தின்று தீர்க்கும் என்பது என் வாதம். இதற்கான சான்று அமெரிக்க விமானப்படையின் பத்தாண்டு அனுபவத்தில் கிடைக்கிறது.

பறத்தல் அனுபவம் பற்றிய அந்தக் கேள்வியை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2006 ஏப்ரல் 25 அதிகாலையில், அமெரிக்க எல்லைக் காவல் பணியில் இருந்த பிரிடேட்டர்-பி விமானம் ஒன்று அரிசோனாவின் நோகலெஸ் நகருக்கு அருகே விழுந்து நொறுங்கியது. அதைச் செலுத்தியவர் ஆட்கள் ஏறும் விமானங்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர். தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தில் ஒரே மாதிரியான இரு மேசைகள் அருகருகே இருந்தன. ஒன்று விமானிக்கு, மற்றது கேமராவை இயக்குபவருக்கு. விமானியின் மேசையில் எஞ்சினுக்கு எரிபொருள் செல்வதைக் கட்டுப்படுத்தும் நெம்புகோல், கேமரா மேசையில் ஒளித்துளையைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்பட்டது. விமானியின் மேசை திடீரென்று செயலற்றுப் போகவே, அவர் கட்டுப்பாட்டை அடுத்த மேசைக்கு மாற்றினார். மாற்றும் முன் இரு நெம்புகோல்களும் ஒரே நிலையில் உள்ளனவா என்று சரிபார்ப்புப் பட்டியலின்படி பார்க்கவில்லை. எரிபொருள் நின்றது, எஞ்சின் அணைந்தது. அந்த வகை விமானத்தில் அவருக்கு இருந்த அனுபவம் 27 மணி நேரம் மட்டுமே என்று விசாரணை காட்டியது.

வானில் பெற்ற அனுபவம் பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. வானிலையின் போக்கு, வான்வெளி ஒழுங்கு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் முறை ஆகியவற்றை உள்ளபடி உணர்த்துவதற்குச் சில பத்து மணி நேரமாவது மேலே போய் வருவதற்கு ஈடில்லை. ஆனால் தரையில் அமர்ந்திருப்பவருக்குக் காற்றின் உதைப்பு தெரியாது, எஞ்சினின் ஓசை மாறுவது கேட்காது, உலகம் ஒரு கேமராவின் குறுகிய கண் வழியாகத்தான் தெரியும். செயற்கைக்கோள் வழியாகச் செல்லும் கட்டளைக்கும் அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடையே ஓரிரு நொடி கடந்துவிடும். இதனால்தான் பிரிடேட்டர், ரீப்பர் விமானங்களைக் களத்துக்கு அருகிலுள்ள குழு ஏற்றி இறக்க, நெவாடாவின் கிரீச் தளத்தில் இருக்கும் குழு இடைப்பட்ட நேரத்தில் பணியாற்றியது. இது தனியொரு திறன், தனியாகவே கற்பிக்கப்பட வேண்டியது.

அமெரிக்கர்கள் இந்த முடிவுக்கு விரும்பி வரவில்லை. நெருக்கடி அவர்களைத் தள்ளியது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் தரைப்படையினர் வானிலிருந்து இடைவிடாத கண்காணிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2008 ஏப்ரலில் அலபாமாவின் மேக்ஸ்வெல் தளத்தில் பேசிய பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், விமானப்படையை இவ்விஷயத்தில் நகர்த்துவது எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை வெளிப்படையாகவே சொன்னார். அவ்வாண்டு ஜூனில் தலைமைத் தளபதி பதவி விலக நேர்ந்தது. அவருக்குப் பின் வந்த நார்ட்டன் ஷ்வார்ட்ஸ், சண்டை விமானப் பின்னணியோ குண்டுவீச்சு விமானப் பின்னணியோ இல்லாமல் அப்பதவிக்கு வந்த முதல் விமானி. அவர் காலத்தில்தான் ஆளில்லா விமானிகளுக்கென ‘18எக்ஸ்’ என்ற தனிப் பணித்துறை உருவானது. புதிய துறைக்கு வழிவிட்டவர் பழைய மேல்தட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

18எக்ஸ் பயிற்சி நன்றாகவே வடிவமைக்கப்பட்டது. கொலராடோவின் பியூப்லோவில் சிறு விமானத்தில் ஏறத்தாழ 40 மணி நேரப் பறத்தல், டெக்சாஸின் ராண்டால்ஃப் தளத்தில் கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்கான சிமுலேட்டர் பயிற்சி, பிறகு அடிப்படைப் போர்ப்பணி வகுப்பு, கடைசியாக நியூ மெக்சிகோவின் ஹோலோமன் தளத்தில் ரீப்பர் பயிற்சி. ஆட்கள் ஏறும் விமானத்தின் விமானி சிறகுச் சின்னம் பெற்றபின் 10 ஆண்டு பணியாற்றக் கடமைப்பட்டவர், இவர்களுக்கு 6 ஆண்டு. இப்படிப் பயின்று வந்தவர்கள் வேலையைச் செவ்வனே செய்தார்கள்.

ஆனாலும் துறை தள்ளாடியது. 2015 தொடக்கத்தில் விமானப்படைச் செயலர் டெபோரா லீ ஜேம்ஸ் வெளியிட்ட கணக்கு இது: ஆண்டுக்குச் சுமார் 180 ஆளில்லா விமானிகள் பயின்று வருகிறார்கள், சுமார் 240 பேர் துறையை விட்டுப் போகிறார்கள், தேவையோ 300. ஆட்கள் ஏறும் விமானத்தின் விமானி ஆண்டுக்கு 200 முதல் 300 மணி நேரம் பறக்கையில், இவர்கள் 900 முதல் 1,100 மணி நேரம் வரை திரையின் முன் பணியில் இருந்தார்கள். ஆறு நாள் தொடர்ந்து, நாளொன்றுக்கு 13, 14 மணி நேரம்.

இந்தக் கணக்கின் உள்ளே ஒரு சுழற்சி ஒளிந்திருக்கிறது. களத்தில் பணி கூடும்போது உடனே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அனுபவசாலிகள் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர்கள்தான். அவர்களைக் களப்பணிக்கு இழுத்தால் இன்றைய கண்காணிப்பு குறையாது, ஆனால் நாளைய மாணவருக்குக் கற்றுத்தர ஆளிருக்காது. புதியவர் வருவது குறைய, இருப்பவர் மேல் சுமை கூடுகிறது. சுமை கூட, கடமைக் காலம் முடிந்ததும் அவர் வெளியேறுகிறார். அந்த வெற்றிடத்தை நிரப்ப இன்னும் சில ஆசிரியர்கள் களத்துக்குப் போகிறார்கள். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் குடும்பத்தின் நிலை இது. ஆண்டுக்கு 35,000 டாலர் வரை ஊக்கத்தொகை கொடுத்தும், இடைவிடாத கண்காணிப்புச் சுற்றுகளை 65-லிருந்து 60-ஆகக் குறைத்தும்தான் அதிலிருந்து ஓரளவு மீள முடிந்தது. பணத்தைவிடச் சுற்றுகளைக் குறைத்ததே முக்கியமான முடிவு என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அதுதான் ஆசிரியரைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்ப இடம் தந்தது.

டிரோன் இயக்குவோரின் மனநலம் பற்றிய பேச்சையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 2013-இல் அமெரிக்கப் படைகளின் மருத்துவக் கண்காணிப்பு இதழில் ஓட்டோவும் வெப்பரும் வெளியிட்ட ஆய்வு, வயது முதலான வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டபின், ஆளில்லா விமானிகளிடமும் மற்ற விமானிகளிடமும் மனநலப் பாதிப்புகளின் விகிதம் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதாகக் கண்டது. வெய்ன் சேப்பல் குழுவினரின் ஆய்வுகளில் இயக்குவோர் சொன்ன முதன்மைக் காரணங்கள் நீண்ட நேரப் பணி, மாறி மாறி வரும் இரவுப் பணி, ஆள் பற்றாக்குறை. கொலையைத் திரையில் பார்ப்பதன் வலி இல்லை என்று இதற்குப் பொருளாகாது. சண்டை விமானி குண்டை எறிந்துவிட்டு விலகிவிடுகிறார். ரீப்பர் குழு ஒரு வீட்டை நாள்கணக்கில் பார்த்து, அங்கிருப்போரின் நடமாட்டத்தை அறிந்து, தாக்கியபின் சிதைவையும் உடனிருந்து பார்க்கிறது. அந்த வலியைத் தாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் ஓய்வும், மூத்தவர் ஒருவரின் துணையும், பணிமாற்றமும் வேண்டும். ஆள் இல்லாத துறையில் இம்மூன்றும் கிடைக்காது.

மதிப்பு இன்னொரு சிக்கல். 2013 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் லியோன் பனேட்டா ஆளில்லா விமானிகளும் பெறக்கூடிய போர்ப் பதக்கம் ஒன்றை அறிவித்தார். களத்தில் உயிரைப் பணயம் வைத்தோரின் பதக்கத்தைவிட அது உயர்ந்த வரிசையில் வைக்கப்பட்டதால் எதிர்ப்பு எழுந்தது. இரண்டே மாதத்தில் அடுத்த செயலர் சக் ஹேகல் அதைக் கைவிட்டார். எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பதக்கத்தால் தீர்க்கக்கூடிய குறை அன்று இது. அதே காலத்தில் இத்துறையினரின் பதவி உயர்வு விகிதம் மற்ற துறைகளைவிடக் குறைவாக இருப்பதை அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2014-இல் எடுத்துக்காட்டியது. உயர்கல்விக்கு அனுப்ப நேரமில்லை, பல்வேறு பொறுப்புகளில் அமர்த்த ஆளில்லை, அதனால் தேர்வுக் குழுவின் முன் இவர்களின் பணிக்குறிப்பு மெலிந்து தெரிந்தது. ஆக, தகுதியைத் தேய்த்ததும் ஆள் பற்றாக்குறையே. பிரிட்டன் விமானப்படை இவர்களுக்கு முதலில் நீல இலைகள் பொறித்த தனிச் சிறகுச் சின்னம் தந்தது. 2019-இல் எல்லா விமானிகளுக்கும் உரிய சின்னத்தையே இவர்களும் அணியலாம் என்றானது. சிறிய மாற்றம்தான், ஆனால் சரியான மாற்றம்.

இந்தியாவுக்குத் திரும்புவோம். பயிற்சியில் ஒரு படி விடுபட்டால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறோம். மேம்பட்ட ஜெட் பயிற்சி விமானம் தேவை என்று லா ஃபோன்டேன் குழு 1982-இல் பரிந்துரைத்தது. ஹாக் விமானங்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2004-இல். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் இளம் விமானிகள் மெதுவாகப் பறக்கும் கிரண் விமானத்திலிருந்து மிக்-21 விமானத்துக்குத் தாவினார்கள். அடிப்படைப் பயிற்சிக்கான எச்பிடி-32 விமானம் 2009 ஜூலை விபத்துக்குப் பின் தரையிறக்கப்பட்டது. அதற்கு மாற்றான பிலாட்டஸ் விமானம் 2013-இல்தான் துண்டிகல் அகாதெமிக்கு வந்தது. விமானப்படையில் விமானிகளின் பற்றாக்குறை 2015-இல் 486 ஆக இருந்து 2021 இறுதியில் 596 ஆகக் கூடியதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை சொல்கிறது. இருக்கும் விமானிகளே போதாதபோது அவர்களை எடுத்து டிரோன் மேசையில் உட்காரவைப்பது அறிவுடைமையாகாது. இந்தக் காரணத்தால் தனிக் கிளை என்ற முடிவை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

நமக்கு ஒரு வலுவும் உண்டு. பறக்கக் கற்பிப்பவர்களை உருவாக்கும் விமானப்படையின் பயிற்சியாளர் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இயங்குகிறது. நன்றாகப் பறப்பவர் எல்லாரும் நல்ல ஆசிரியர் ஆகிவிட மாட்டார், கற்பித்தலே பயின்று பெற வேண்டிய தொழில் என்ற தெளிவு அதன் அடித்தளம். ஆயுத அமைப்புகள் கிளைக்கும் அதே தெளிவு வேண்டும். மிச்சமாகும் என்று சொல்லப்பட்ட 3,400 கோடியில் ஒரு பங்கு ஆசிரியர் பணியிடங்களுக்கும் சிமுலேட்டர்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். நெருக்கடிக் காலத்திலும் குறிப்பிட்ட விகிதத்துக்குமேல் ஆசிரியரைக் களத்துக்கு இழுக்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதியாக வேண்டும்.

கடற்படையின் அனுபவம் இன்னும் நீண்டது. 2006-இல் கொச்சியிலும் 2011-இல் போர்பந்தரிலும் 2012-இல் ராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியிலும் ஆளில்லா விமான அணிகள் அமைந்தன. குத்தகைக்கு எடுக்கப்பட்ட இரு சீ கார்டியன் விமானங்கள் 2020 இறுதியிலிருந்து அரக்கோணம் ராஜாளித் தளத்திலிருந்து பறந்தன. அவற்றில் ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டு இழக்கப்பட்டது. தரைப்படை தன் ஆளில்லா விமானங்களைப் பீரங்கிப் படையிலிருந்து 2021-இல் வான்பிரிவுக்கு மாற்றியது. மூன்று படைகளும் மூன்று வழியில் கற்றவை இவை. 2024 அக்டோபரில் வாங்க ஒப்பந்தமான 31 எம்க்யூ-9பி ஆளில்லா விமானங்களில் 15 கடற்படைக்கும், தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8-உம் போகும். ஒரே விமானத்துக்கு மூன்று தனித்தனிப் பள்ளி வைப்பது இருக்கும் சில ஆசிரியர்களையும் சிதறடிக்கும். ஒரு கூட்டுப் பள்ளி போதும்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. எம்க்யூ-9பி தானாகவே ஏறி இறங்கும் திறன் கொண்டது. உக்ரைனில் சில வாரப் பயிற்சியில் சிறு டிரோன் இயக்குவோர் களத்துக்குப் போகிறார்கள். அப்படியிருக்க நீண்ட பணிப்பாதை எதற்கு? சிறு டிரோனைப் பொறுத்தவரை இதை ஏற்கலாம். 2025-இல் நம் தரைப்படை ஒவ்வொரு காலாட்படைப் பட்டாலியனிலும் டிரோன் பிளாட்டூன் அமைப்பதாக அறிவித்தது. அங்கே குறுகிய பயிற்சியே பொருந்தும். ஆனால் ஒரு நாளுக்கும் மேலாக வானில் நின்று பல நூறு கிலோமீட்டர் கடலைப் பார்க்கும் விமானத்தில் இயந்திரம் எடுத்துக்கொள்வது கையின் வேலையை. திரையில் தெரியும் படகு மீனவருடையதா, அடுத்த வீட்டில் குழந்தைகள் உண்டா, இப்போது தாக்குவது சட்டத்துக்கு உட்பட்டதா என்பவை மனிதர் தீர்மானிக்க வேண்டியவை. நெம்புகோல் எளிதாக ஆக, அந்தத் தீர்ப்பின் பங்கு கூடுகிறது. அது பல ஆண்டுப் பணியிலும் மூத்தோர் வழிகாட்டலிலும்தான் முதிரும்.

இனிப் பதவி. நம் விமானப்படையில் விங் கமாண்டர் வரை பணிக்காலத்தைப் பொறுத்து உயரலாம். குரூப் கேப்டன் பதவி முதல் பெரும்பாலும் தேர்வின் வழியேதான். அதற்குமேல் போக ஓர் அணிக்கோ தளத்துக்கோ தலைமை தாங்கிய அனுபவம் எடைபெறும். ஹெலிகாப்டர் விமானி ஒருவர், ஃபாலி ஹோமி மேஜர், தலைமைத் தளபதியாக 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தரையிலிருந்தே விமானத்தைச் செலுத்துவோருக்கு இன்னும் நீண்ட காத்திருப்பு நேரலாம். ஆளில்லா விமான அணிகளின் தலைமைப் பொறுப்பை ஆயுத அமைப்புகள் கிளையினருக்கே உரியதாக்குவது அதைத் தவிர்க்கும் முதல் வேலை. சண்டை விமானிகளை இடைக்காலத்தில் அங்கே அனுப்பித் தலைமை ஏற்கச் செய்தால், கீழே இருக்கும் இளைஞர் தமக்கு மேலே இடமில்லை என்று உடனே புரிந்துகொள்வார்.

ஒப்பந்த விமானங்கள் 2029 வாக்கில் வரத் தொடங்க வேண்டும். அப்போது வகுப்பறையில் ஆசிரியராக நிற்கப்போகிறவர் அதற்குள் அணியில் சில ஆண்டு பணியாற்றி, கற்பித்தல் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அவர் யார் என்பதைப் பேகம்பேட்டையிலிருந்து வெளிவரும் முதல் சில வகுப்பினரிடமிருந்தே இப்போது தேர்ந்தெடுத்தாக வேண்டும்.