வெப்சாக்கெட்

வெப்சாக்கெட் என்பது உலாவியும் வழங்கியும் ஒரே இணைப்பைத் திறந்துவைத்து, எந்தப் பக்கத்திலிருந்தும் எந்நேரமும் செய்தி அனுப்ப வழிசெய்யும் நெறிமுறை. அரட்டை, பலர் ஒரே நேரத்தில் திருத்தும் ஆவணம், வலை விளையாட்டு ஆகியவை இதன் இயல்பான களங்கள்.

வரலாறு: எச்டிடிபி முறையில் உலாவி கேட்டால்தான் வழங்கி பேசும். பக்கத்தை மாற்றாமலே வழங்கியிடம் கேட்கும் வசதி, 1999-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-இல் வந்தது. அவுட்லுக் மின்னஞ்சலை உலாவியில் காட்டுவதற்காகப் பிறந்த வசதி அது. அதைக்கொண்டு நிரலர்கள் சில நொடிக்கொருமுறை ‘புதிதாக ஏதும் உண்டா’ என்று வழங்கியைக் கேட்கத் தொடங்கினர். இது போலிங் எனப்பட்டது. பெரும்பாலும் ‘இல்லை’ என்றே விடை வரும். அந்த ஒரு சொல்லுக்காக ஒவ்வொரு முறையும் குக்கி உள்ளிட்ட தலைப்புவரிகள் முழுவதும் போய்வர வேண்டும். அடுத்து வந்த லாங் போலிங்கில், செய்தி கிடைக்கும்வரை வழங்கி விடையைப் பிடித்துவைத்தது. இத்தகைய உத்திகளுக்கு 2006-இல் அலெக்ஸ் ரஸ்ஸல் ‘காமெட்’ என்று பெயர் சூட்டினார். திறமையான உத்திகள்தாம், ஆனாலும் ஒட்டுவேலையே.

எச்டிஎம்எல்5 வரைவில் ‘டிசிபி கனெக்ஷன்’ என்றிருந்த கருத்தை 2008-இல் இயன் ஹிக்சன், மைக்கேல் கார்ட்டர் முதலியோர் விவாதித்துச் செப்பனிட்டபோது வெப்சாக்கெட் என்ற பெயர் நிலைத்தது. குரோம் 4 இதை முதலில் ஏற்றது. இதன் வழியாக இடைநிலை பிராக்ஸிகளின் சேமிப்பில் போலித் தரவைப் புகுத்த முடியும் என்று 2010-இல் தெரியவந்ததும், பயர்பாக்ஸ் 4 இதை முடக்கியே வெளிவந்தது. உலாவி அனுப்பும் ஒவ்வொரு சட்டகத்தையும் 4 பைட் சாவியால் உருமாற்றும் விதி அதன் விளைவு. 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற தரநிலை வெளியானது.

தேர்வு: செய்தி இருபுறமும் ஓடினால் மட்டுமே வெப்சாக்கெட் தேவை. ஆட்ட ஸ்கோர், அறிவிப்பு போல வழங்கியிலிருந்து மட்டும் வருவனவற்றுக்கு, ஒருவழியாகச் செய்தி அனுப்பும் எஸ்எஸ்இ (சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ்) போதும். அதில் இணைப்பு அறுந்தால் உலாவியே மீண்டும் இணைத்துக்கொள்ளும். வெப்சாக்கெட்டில் அந்த வேலை நிரலருடையது. எஸ்எஸ்இக்கும் ஒரு தடை உண்டு: எச்டிடிபி/1.1-இல் ஒரு தளத்துக்கு 6 இணைப்புகளுக்கு மேல் உலாவிகள் திறப்பதில்லை. குரலுக்கும் காணொலிக்கும் ஏற்றது வெப்ஆர்டிசி. பெயர் ஒத்திருந்தாலும் சாக்கெட்.ஐஓ வெப்சாக்கெட் அல்ல, தனி நெறிமுறையைப் பின்பற்றும் நிரலகம். வெறும் வெப்சாக்கெட் வழங்கியோடு அது பேசாது.

இன்று முதன்மை உலாவிகள் அனைத்திலும் வெப்சாக்கெட் இயங்குகிறது. எச்டிடிபி/2 மீது இயங்குவதற்கான ஆர்எஃப்சி 8441, 2018-இல் வெளிவந்தது.