சுந்தரம் கண்ட வழி

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார். நகை துன்பத்தை மறக்கச் செய்வதோடு, அதன் உருவத்தைக் காணவும் செய்யும். சலித்த வாழ்விலிருந்து விடுபட விழையும் எளிய மனிதனைப் பற்றிய இரு நகைச்சுவைப் படங்கள் இதற்குச் சான்றாகும்.

1951இல் இங்கிலாந்தின் ஈலிங் நிறுவனம் 'தி லாவெண்டர் ஹில் மாப்' என்னும் படத்தை வெளியிட்டது. அலெக் கின்னஸ் அதில் வங்கி எழுத்தராக நடித்தார். ஆண்டுக்கணக்காகப் பிறருடைய தங்கக் கட்டிகளைக் காத்து வந்த அவர், ஒருநாள் அவற்றையே திருடத் துணிகிறார். தங்கம் ஈபெல் கோபுரப் பொம்மைகளாக உருமாறிக் கடல் கடக்கிறது. முடிவில் அவர் கையில் விலங்கே மிஞ்சுகிறது.

1964இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், ஏவி.எம். தயாரிப்பாக வந்தது 'சர்வர் சுந்தரம்'. உணவு விடுதியில் பரிமாறும் சுந்தரம் திருட்டை நாடவில்லை. தன் திறமையால் திரைநடிகனாகிறான். கதையாசிரியர் கே. பாலசந்தர் முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர்ச் சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றியவர். சுந்தரமாக நடித்த நாகேஷோ இரயில்வே எழுத்தராக இருந்தவர். மாலை வேளைகளில் மேடை நாடகமே இருவருக்கும் வாசல் திறந்தது. அவர்கள் தம் அனுபவத்தையே நகையாக்கினர் எனலாம்.

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு இக்கதை அயலானதன்று. குளிர்ந்த பொழுதில்தான் பால் நன்கு வடியும். ஆதலின் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பின்னர் மரம் சீவுதல், பால் எடுத்தல், நிறுத்துக் கொடுத்தல், மறுநாளும் அதுவே. லயத்துப் பிள்ளைக்குக் கிராணி வேலையே எட்டாக் கனவு. அக்கனவு வேலையில் இருந்தோரே அதனைச் சிறையெனக் கண்டு வெளியேறினர் என்பது எண்ணத் தக்கது. ஒருவன் கனவு மற்றொருவனுக்குச் சலிப்பாகலாம். ஆதலின் வேலை மாற்றம் மட்டுமே விடுதலையாகிவிடாது.

சுந்தரத்தின் உயர்வுக்கும் விலை உண்டு. விரும்பிய பெண் கிட்டவில்லை. தாயின் இறுதி வேளையில் அருகிருக்கவும் இயலவில்லை. நம்மைச் சிரிக்க வைத்தவன் அங்கே அழுகிறான். புகழ் வாழ்வின் குறை அனைத்தையும் தீர்க்கும் என்று படம் பொய்யுரைக்கவில்லை. அதன் சிறப்பும் இதுவே.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்துவிட்டன. எனினும் சலிப்பும் அதனின்று விடுபடும் வேட்கையும் மாணவரிடம் மாறவில்லை. கனவு காணாதே என்று அவர்களைத் தடுத்தல் ஆசிரியர் பணியன்று. குறுக்கு வழிக்கும் உழைப்பின் வழிக்கும் உள்ள வேறுபாட்டையும், உயர்வின் விலையையும் உணர்த்தி, மேடையும் ஏடும் அவர் கையில் அளித்தலே நம் கடனாகும்.