திருக்கோணேச்சரம்: கோட்டைக்குள் வாழும் கோவிலின் வரலாறும் ஐதீகங்களும்

திருக்கோணேச்சரத்துக்குப் போகும் எவரும் முதலில் ஒரு கோட்டையைக் கடந்துதான் ஆகவேண்டும். திருகோணமலை நகரிலிருந்து கடலுக்குள் நீண்டிருக்கும் முனையின் கழுத்துப் பகுதியில் பிரெட்றிக் கோட்டையின் வாசல் இருக்கிறது. உள்ளே இராணுவ முகாம், மரநிழலில் புள்ளிமான்கள், மேலே ஏறிச் செல்லும் வீதி. அதன் முடிவில், கடலுக்குச் செங்குத்தாக இறங்கும் சுவாமிமலையின் உச்சியில் கோணேசப் பெருமான் வீற்றிருக்கிறார்.

போர்க்காலத்தில் இந்த வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, பெயரைச் சொல்லிவிட்டே கும்பிடப் போனோம். கோவிலுக்குப் போக ஏன் கோட்டையைக் கடக்க வேண்டும் என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். இதற்குப் பதில் கிடைக்க ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பின்னால் போகவேண்டும். கோட்டைக்குள் கோவிலைக் கட்டவில்லை. கோவிலை இடித்த கற்களால்தான் கோட்டையைக் கட்டினார்கள்.

பாடல் பெற்ற தலம்

ஈழத்தின் ஐந்து ஈச்சரங்களுள் கோணேச்சரம் கிழக்குக் கரையைக் காப்பது. திருக்கேதீச்சரம், முன்னேச்சரம், நகுலேச்சரம், தொண்டேச்சரம் என்பன ஏனைய நான்கு. இவற்றுள் தேவாரப் பாடல் பெற்றவை கோணேச்சரமும் திருக்கேதீச்சரமும் மட்டுமே. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இராமேச்சரத்தில் இருந்தபடியே கோணமலையை நினைந்து பதிகம் பாடினார் என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. அந்தப் பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதரும் இத்தலத்து முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். இறைவி மாதுமையாள். தல விருட்சம் கல்லால மரம். தீர்த்தம் பாவநாசம்.

பாளி நூலான மகாவம்சத்திலும் இவ்விடம் 'கோகண்ண' என்ற பெயரில் வருகிறது. மகாசேன மன்னன் தேவாலயங்களை அழித்து விகாரைகளைக் கட்டியதாகச் சொல்லுமிடத்தில் கோகண்ணவும் குறிப்பிடப்படுகிறது. கோவில் இருக்கும் இடத்தில் முன்பு விகாரை இருந்தது என்று வாதிடுவோர் காட்டும் ஆதாரமும் இந்த வரிதான். ஆனால் அதே வரி, விகாரைக்கு முன் அங்கே தேவாலயம் இருந்தது என்பதையும் சொல்கிறது. பாதியை மட்டும் வாசிப்பவர்களுக்கு மீதிப் பாதியை நாம்தான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

இராவணனும் குளக்கோட்டனும்

கோணேச்சரத்தின் ஐதீகங்களில் மக்கள் மனதில் மிக ஆழமாகப் பதிந்தது இராவணன் கதை. சிவபக்தையான தன் தாய் நோயுற்று நடக்க இயலாமற் போனபோது, அவள் வழிபடுவதற்காக இராவணன் இந்த மலையையே பெயர்த்தெடுக்க முனைந்தான். இறைவன் மலையை அழுத்த, இராவணனின் வாள் தவறி விழுந்து பாறை பிளந்தது. கோவிலுக்கு அருகே கடல்வரை இறங்கும் அந்தப் பிளவை இன்றும் 'இராவணன் வெட்டு' என்கிறோம். தாய் இறந்தபின் அவளுக்கு ஈமக்கடன் செய்ய அவன் உண்டாக்கியவையே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பது கதையின் தொடர்ச்சி. திருகோணமலைத் தமிழர்கள் தம் உறவுகளுக்கு அந்தியேட்டிக் கடன் செய்யக் கன்னியாவுக்குப் போகும் வழக்கம் இக்கதையுடன் பிணைந்தது. ஒரு மலைப்பிளவும் ஏழு கிணறுகளும் ஒரு மகனின் துயரத்தால் இணைக்கப்பட்டிருக்கின்றன.

அடுத்தவன் குளக்கோட்டன். சோழ நாட்டிலிருந்து வந்து கோவிலைத் திருத்தி, அதன் நிலங்களுக்கு நீர் பாய்ச்சக் கந்தளாய்க் குளத்தைக் கட்டி, தொழும்பு செய்வதற்கு வரிப்பத்தாரையும் தானத்தாரையும் குடியேற்றி, அவர்களை மேற்பார்வை செய்ய வன்னிபத்தை நியமித்தவன் என்று அவனைப் பற்றிக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் விரிவாகக் கூறுகிறது. பெயரில் கல்வெட்டு என்று இருந்தாலும் இது ஏட்டில் எழுதப்பட்ட நூல். விளக்குக்கு எண்ணெய் கொண்டுவருவது யார், பூ எடுப்பது யார், நெல் அளப்பது யார் என்று ஒவ்வொரு குடிக்கும் உரிய கடமையை அது வகுத்துச் சொல்கிறது.

கந்தளாய்க் குளத்தைப் பாளி நூல்கள் அக்கபோதி மன்னனுடன் தொடர்புபடுத்துகின்றன. குளக்கோட்டனின் காலம் பற்றியும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் திருகோணமலையில் கிடைத்த கிரந்த எழுத்து வடமொழிக் கல்வெட்டு ஒன்று, சோடகங்கன் என்பவன் 1223இல் இங்கு வந்ததைப் பதிவுசெய்கிறது. மரபில் சோழகங்கன் என்றும் அழைக்கப்படும் குளக்கோட்டன் இவனாக இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் சிலரின் கருத்து.

கற்கள் சொல்லும் சாட்சி

ஐதீகங்களை ஒருபுறம் வைத்தாலும் கோணேச்சரத்தின் பழைமைக்குச் சான்றுகள் குறைவில்லை. நிலாவெளியில் கிடைத்த சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டு, கோணமலை இறைவனுக்கு 250 வேலி நிலம் கொடுக்கப்பட்டதைக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் இரட்டைக் கயல் இலச்சினையைப் பொறித்ததைத் தமிழ்நாட்டின் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. அந்த இரட்டைக் கயலைப் பார்க்க நூதனசாலைக்குப் போகத் தேவையில்லை. பிரெட்றிக் கோட்டையின் வாசற் கல்லிலேயே மீன்கள் இருக்கின்றன. எத்தனையோ முறை அவற்றைக் கவனிக்காமலே கடந்து போயிருப்போம்.

அதே வாசலில் ஒரு தமிழ்ச் செய்யுளின் துண்டுகளும் உண்டு. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர் சிதைப்பார்கள் என்ற பொருளில் அமைந்தது அது. கல்லில் எஞ்சியிருப்பவை சில எழுத்துக்களே. மீதியை ஏடுகளும் வாய்மொழி மரபும் நிரப்பியிருக்கின்றன.

மூன்று கோவில்கள், ஓர் அழிவு

போர்த்துக்கேயர் காலக் குறிப்புகளின்படி இந்த முனையில் இருந்தவை மூன்று கோவில்கள். ஒன்று மலையுச்சியில், ஒன்று நடுவில், ஒன்று அடிவாரத்தில். கடலில் வரும் மாலுமிகளுக்கு இவற்றின் கோபுரங்கள் அடையாளமாக இருந்தன. குவேறோஸ் பாதிரியார் இத்தலத்தின் பெருமையை உரோமாபுரியுடன் ஒப்பிட்டு எழுதும் அளவுக்கு நாலா திசையிலிருந்தும் யாத்திரிகர் வந்தனர்.

1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இக்கோவில்களை இடித்தான். சித்திரை வருடப்பிறப்பன்று சுவாமி நகர் உலா சென்றிருந்த வேளையில், பூசகர் வேடத்தில் படையினர் உள்ளே நுழைந்து கொள்ளையிட்டனர் என்று மரபு சொல்கிறது. இடித்த கற்கள் கோட்டைச் சுவராயின. மீதி கடலுக்குள் போனது. இடிப்பதற்கு முன் கோவிலின் படத்தை வரையச் செய்து லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். ஆக, அந்தக் கோவில் எப்படி இருந்தது என்பதற்கான படத்தையும் அதை அழித்தவர்களிடமிருந்தே நாம் பெறவேண்டியதாயிற்று.

பின் ஒல்லாந்தர் வந்தனர். மலையில் நின்ற பழைய தூண் ஒன்றில் பிரான்சினா வான் றீட் என்ற பெண்ணின் பெயரை 1687ஆம் ஆண்டுடன் பொறித்தனர். காதலன் கைவிட்டதால் அவள் இங்கிருந்து குதித்து இறந்தாள் என்று ஒரு கதை பரவியது. உண்மையில் அவள் அதன் பின்னரும் வாழ்ந்தாள் என்பதைப் பழைய ஆவணங்கள் காட்டுகின்றன.

1795இல் பிரித்தானியர் கைப்பற்றியபின் மலையில் வழிபட மக்களுக்கு இடம் கிடைத்தது. கோவில் இல்லை, விக்கிரகம் இல்லை. பூசகர் பாறை விளிம்பில் நின்று கடலை நோக்கித் தீபம் காட்டினார். மக்கள் பூவும் பழமும் தேங்காயும் கடலில் இட்டுக் கும்பிட்டனர். கட்டடம் இல்லாத காலத்திலும் கோணேச்சரம் கோவிலாகவே இருந்தது. கோவிலைத் தரைமட்டமாக்கியவர்களால் மக்களின் கால்கள் போகும் திசையை மாற்ற முடியவில்லை.

மண்ணுக்குள் காத்திருந்த தெய்வங்கள்

அழிவு வருவதை அறிந்த அடியார்கள் விக்கிரகங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது மரபு. சில தம்பலகாமம் சென்றன. அங்கு எழுந்ததே ஆதிகோணநாயகர் கோவில். வேறு சில மண்ணுக்குள் போயின.

1950இல் நகரசபையினர் கிணறு வெட்டியபோது அந்த மண் திறந்தது. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் என வெண்கலத் திருமேனிகள் வெளிவந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் இருந்த தெய்வங்களைக் காண மக்கள் திரண்டனர். 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடியில் சுழியோடி, கடலடியில் செதுக்கப்பட்ட தூண்களையும் கற்களையும் கண்டனர். மக்களின் முயற்சியால் மலையுச்சியில் கோவில் மீண்டும் எழுந்தது. 1963 மார்ச் 3ஆம் திகதி கும்பாபிஷேகம் நடந்தது. இன்று நாம் காணும் கோவில் அதுவே. பழைய மூன்று கோவில்களின் பரப்பில் இது ஒரு சிறு பகுதி.

புதைத்துவிட்டுப் போனவர்களைப் பற்றியே நான் அதிகம் நினைப்பதுண்டு. இடப்பெயர்வின்போது என் அம்மா பித்தளைக் குத்துவிளக்கையும் காணி உறுதியையும் பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தார். திரும்பிப் போனபோது கிணறு இருந்தது, தாட்டது இருக்கவில்லை. வன்னியிலும் மூதூரிலும் இப்படித் தாட்டுவிட்டு ஓடாத குடும்பம் அரிது. ஒரு பொருளைப் புதைப்பவர் திரும்பி வருவேன் என்று நம்புகிறார். கோணேசர் திருமேனிகளைப் புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களின் நம்பிக்கை மட்டும் வேறு தலைமுறையின் கையில் வந்து சேர்ந்தது.

இன்று என்ன செய்யலாம்?

போர் முடிந்தபின் கோணேச்சரம் புதிய நெருக்கடிகளைச் சந்திக்கிறது. கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுகளை முகாமைசெய்ய 2020 ஜூனில் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. கன்னியாவில் 2019இல் மக்கள் போராட்டம் நடத்தவேண்டி வந்தது. கோவில் வீதியில் உள்ள கடைகள், கோவிலைச் சூழ்ந்த நிலம், திருத்த வேலைகளுக்கான அனுமதி என்று சர்ச்சைகள் தொடர்கின்றன.

இந்த இடத்தில் உணர்ச்சி மட்டும் நமக்கு உதவாது. இராவணன் கதை நமது பண்பாட்டுச் செல்வம். ஆனால் வழக்காடு மன்றில் அது சாட்சியாகாது. நிலாவெளிக் கல்வெட்டும் குடுமியான்மலைக் கல்வெட்டும் வாசற் கயலும் சாட்சியாகும். ஐதீகத்தை ஐதீகமாகவும் ஆதாரத்தை ஆதாரமாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து சொன்னால், ஒன்றை மறுப்பவர் மற்றதையும் சேர்த்தே மறுத்துவிடுவார்.

தானத்தார், வரிப்பத்தார் வழிவந்த குடும்பங்கள் திருகோணமலை, தம்பலகாமம், கந்தளாய்ப் பகுதிகளில் இன்றும் வாழ்கின்றன. சிலர் இடம்பெயர்ந்து கனடாவிலும் இலண்டனிலும் இருக்கலாம். 1950, 1963 நிகழ்வுகளைக் கண்ணால் கண்டவர்கள் இப்போது முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கைத்தொலைபேசியிலாவது பதிவுசெய்யுங்கள். அலுமாரியில் கிடக்கும் பழைய கும்பாபிஷேக மலர், திருவிழா அறிவித்தல், தேர் நகர் உலாவின் கறுப்பு வெள்ளைப் படம் எதையும் எறிந்துவிடாதீர்கள். அவற்றை நூலகம் போன்ற இணைய ஆவணக் காப்பகங்களில் சேர்க்கலாம். போர்த்துக்கேயர் இடித்த கோவிலின் படத்தை லிஸ்பனில் தேடவேண்டி வந்தது போதும். இருக்கும் கோவிலின் ஆவணங்களாவது நம் கையில் இருக்கட்டும்.