விடுதலைப் பத்திரமும் மகளின் பங்கும்: சார்பதிவகத்தில் முடியும் ஒரு சொத்துரிமை

மகளின் சொத்துரிமை பற்றிப் பேசும்போது சட்டத் திருத்தங்களையும் தீர்ப்புகளையும் வரிசைப்படுத்துவது வழக்கம். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கோரித் தீர்மானம் இயற்றியது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் மகளைப் பிறப்பாலேயே கூட்டுக்குடும்பச் சொத்தின் பங்காளி ஆக்கியது. 2005-இல் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. ஏட்டில் உரிமை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. எத்தனையோ குடும்பங்களில் அது முடிவுக்கு வரும் இடமோ சார்பதிவாளர் அலுவலகம். முடித்துவைப்பது மகளே எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். அந்தப் பத்திரம் எப்படி உருவாகிறது என்பதில் சட்டம் தலையிடாதவரை சமப்பங்கு பாதி உரிமையாகவே நிற்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

விட்டுக்கொடுக்கப்படுவது எவ்வளவு என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒருவர் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். சொத்து அவர் சுயமாகச் சம்பாதித்ததானால் நால்வருக்கும் தலா கால் பங்கு. இது 1956 முதல் உள்ள நிலை. பூர்வீக நிலமானால் கணக்கு வேறு. பழைய முறையில் தந்தையும் மகன்களும் மட்டுமே பங்காளிகள். தந்தையின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே நால்வருக்கும் பிரியும். மகளுக்கு 1/12, மகன்களுக்குத் தலா 5/12. மகளும் பங்காளியானபின் நிலம் நான்காகப் பிரிகிறது. தந்தையின் பங்கிலும் பாகம் சேர, பிள்ளைகள் மூவருக்கும் தலா 5/16. மகள் பெற்ற ஏற்றம் மகன்களின் பங்கை மட்டும் குறைக்கவில்லை. தாயின் பங்கும் 1/12-லிருந்து 1/16 ஆனது.

தமிழ்நாட்டுத் திருத்தம், அது நடைமுறைக்கு வருமுன் மணமான மகள்களை விலக்கியிருந்தது. மத்திய திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அது நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பு தீர்த்தது: வேண்டியதில்லை.

பங்கு பெருகியதும் கையெழுத்தின் மதிப்பும் பெருகியது. வாரிசுச் சான்றிதழில் மகளின் பெயர் இருக்கிறது. அண்ணன் வீட்டுக்கடன் கேட்டுப் போனால், வங்கி வழக்கறிஞர் அதையும் வில்லங்கச் சான்றிதழையும் ஒப்பிட்டுவிட்டு, “தங்கச்சி விடுதலை எழுதிக் கொடுத்தாச்சா?” என்கிறார். அப்போதுதான் தங்கைக்கு ஆள் போகிறது. பத்திர எழுத்தரிடம் வாசகம் தயார்: திருமணத்தில் நகையும் சீரும் செய்துவிட்டபடியால், மனப்பூர்வமாகச் சம்மதித்துத் தன் பாகத்தை விடுகிறார், இனி அவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் இல்லை. அந்தச் சீர் மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக் கொடுத்ததானால், 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். அதுவே இங்கே பங்குக்கு ஈடாக ஏறுகிறது.

அந்த வரி வெறும் சம்பிரதாயமும் அன்று. தந்தை உயிரோடிருக்கையில் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் பிள்ளைக்கு இருப்பது வெறும் எதிர்பார்ப்பு. அதைக் கைமாற்ற முடியாது என்கிறது சொத்துமாற்றுச் சட்டம். ஆயினும், தந்தையின் சுயார்ஜிதச் சொத்தில் தனக்கு வரக்கூடியதைப் பணம் பெற்று 1975-இல் விடுதலை செய்த மகனின் வாரிசுகள் பிறகு பங்கு கேட்க முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயன் பெற்றதாக ஒப்புக்கொள்ளும் வாசகம் நாளை மகளையும் அவள் பிள்ளைகளையும் கட்டக்கூடும்.

இவ்வளவு கனமான ஆவணத்தில், பதிவுச் சட்டத்தின் 34, 35-ஆம் பிரிவுகளின்படி சார்பதிவாளர் முக்கியமாக உறுதிசெய்வது எழுதிக்கொடுத்தவர் இவர்தானா, கையெழுத்தை ஒப்புக்கொள்கிறாரா என்பதையே. விடும் பாகத்தின் மதிப்பு அவருக்குத் தெரியுமா என்று கேட்கும் கடமை அலுவலருக்கு இல்லை. குடும்பத்தாருக்குள்ளான விடுதலைக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம். 2023-இல் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு 40,000 ரூபாய். கோடி ரூபாய்ப் பாகமும் அந்தத் தீர்வையில் கைமாறும்.

சொந்தமானதை விட்டுக்கொடுப்பதும் உடைமையின் பகுதிதானே என்பது வலுவான மறுப்பு. தாயைப் பார்த்துக்கொள்பவர் அண்ணன். பிறந்தகத்து வாசல் அடைபடக் கூடாது. பிள்ளைகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வர வேண்டும். இவற்றையெல்லாம் எடைபோட்டுக் கையெழுத்திடும் பெண்ணை ஏமாளி என்று தள்ளுவது அவரை அவமதிப்பதாகும். ஆனால் எடைபோட இரண்டு தட்டும் தெரிய வேண்டும். பின்னாளில் தகாத செல்வாக்கு என்று வழக்குத் தொடுக்கலாம்; பத்திரத்தை ரத்துசெய்யக் கோரும் வழக்குக்கு, விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு. அதோடு, அண்ணன்மீது வழக்குப் போடும்போது, எந்த உறவைக் காக்கப் பங்கை விட்டாரோ அந்த உறவே முதலில் போகும்.

ஆகவே பாதுகாப்பு பதிவு மேசையிலேயே அமைய வேண்டும். விடும் பாகத்தைப் பின்னமாகவும் வழிகாட்டி மதிப்பில் ரூபாயாகவும் பத்திரத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். உறவினர் வெளியே நிற்க, அலுவலர் அதை வாசித்துக் காட்டிப் பதில் பெற வேண்டும். பழைய சீரை ஈடாகக் காட்டும் வாசகத்தை ஏற்கக் கூடாது. பணம் கொடுப்பதானால் அது அவர் வங்கிக் கணக்கில் வரவாக வேண்டும். இவற்றுக்குப் பிறகும் ஒருவர் தன் பங்கை விட்டால் அது அவர் அறிந்து தரும் கொடை. அதைத் தடுக்கும் வேலை சட்டத்துக்கு இல்லை.